கப்பல் என்றால் வண்டி கிளம்பும்

“கோட்டயமெல்லாம் உள்ள போ, உள்ள போ. உள்ள எடம் தாராளமாக் கெடக்கு. குமுளியில எறங்குறது மட்டும் வாசப்படிகிட்ட நில்லு.”

சுருளியாண்டி இப்படிக் கூவுவது ஆட்களைப் பார்த்து அல்ல, வாழைக்காய்ப் பெட்டிகளைப் பார்த்து. லாரியின் வால்பக்கம் நிற்கிறார். இடது கை, இல்லாத கம்பியைப் பிடித்த மாதிரி தலைக்கு மேல் தூக்கியிருக்கிறது. வலது கையில் பார்கோடு மெஷின். பெட்டி ஒவ்வொன்றும் அவர் முன்னால் வந்து ‘கிய்ங்’ என்று ஒரு சத்தம் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போகலாம். சத்தம் கொடுக்காத பெட்டியை முழங்காலால் மறித்து, “எங்கன ஏறுன நீயி?” என்று கேட்பார். பெட்டி பதில் சொல்லாது. அது வரைக்கும் புண்ணியம்.

பத்தொன்பது வருடம் தேனிக்கும் கம்பத்துக்கும் நடுவே தனியார் பஸ்ஸில் கண்டக்டராக ஓடியவர். இப்போது சின்னமனூருக்கும் உத்தமபாளையத்துக்கும் இடையில் ரோட்டோரம் இருக்கிற வாழைக்காய் ஏற்றுமதிக் கூடத்தில் சரக்கு அனுப்புகிற ஆள். மினுமினுவென்று சீப்புச் சீப்பாகக் கழுவி, பெட்டியில் அடைத்த காயை எந்த வண்டியில், எந்த வரிசையில், எந்நேரம் ஏற்றுவது என்பது அவர் பாடு. அதற்கு டிஸ்பாட்ச் என்று பெயர். அவர் வாயில் அது ‘டிசுபேச்சு’ என்றுதான் வரும். “பேச்சுத்தான வேலையே, அப்பறம் என்ன?” என்பார்.

தரை ஆடாத இடத்திலும் அவருக்குக் கால் அகட்டித்தான் நிற்க வரும். கோயில் வரிசையிலும் அப்படித்தான், கல்யாணப் பந்தியில் இடம் பிடிக்கும்போதும் அப்படித்தான். எந்தத் தாளைக் கொடுத்தாலும் நீளவாக்கில் மடித்து விரலிடுக்கில் செருகிவிடுவார். கூடத்து மேனேஜர் சுபாஸ்ரீக்கு இதில்தான் தினசரிச் சண்டை. ஈரோட்டுப் பெண், முப்பது வயது, கோபத்திலும் குரல் உயராது. “அண்ணா, இது சரக்குச் சீட்டு. ஸ்கேன் பண்ணா நடுவுல கோடு விழுகுது.” இவர் உடனே தாளை விரித்து, தொடையில் வைத்து நீவிக் கொடுப்பார். அடுத்த நிமிடம் அது மறுபடியும் விரலிடுக்கில் இருக்கும்.

நாற்பத்தைந்து வயதில் வேலை மாற்றுகிறவனைப் பார்த்து ஊர் சிரிக்கும். சிரிக்கட்டும். பள்ளிக்கூடம் யாருக்கு வேண்டுமானாலும் கதவைச் சாத்தலாம், ரோடு ஒருவருக்கும் சாத்தியதில்லை. மலை இரண்டு பக்கமும் மறித்து நிற்க, விளைந்ததை வெளியே கொண்டுபோய்ச் சேர்த்தால்தான் சோறு என்று இருக்கிற பள்ளத்தாக்கு இது. சரக்கு ஏற்றத் தெரியாதவன் இங்கே பிறந்ததே இல்லை. பெருமை பேசுவதாகச் சொல்வார்கள். பெருமைதான்.

அவர் இங்கே வந்த கதை சின்னது. முதலாளி மொக்கைச்சாமியிடம் ஓடிய இரண்டு பஸ்களில் ஒன்றை விற்றாகிவிட்டது. மிச்சமிருந்த ஒரு பஸ்ஸில், இருந்த கண்டக்டர்களுக்கு மாதத்தில் பாதி நாள்தான் வேலை. அந்த நேரத்தில் ஏற்றுமதிக் கூடத்து வாசலில் ஆள் தேவை என்று ஒரு போர்டு தொங்கியது. வயது முப்பதுக்குள் என்று அதில் தெளிவாகவே எழுதியிருந்தது. இவர் அதைப் படித்துவிட்டுத்தான் உள்ளே போனார்.

“என்ன அனுபவம் இருக்கு?” என்று சுபாஸ்ரீ கேட்டார்.

“பத்தொம்பது வருசமா தெனம் ஆளுகள ஏத்தி எறக்கியிருக்கேன் மேடம். ஒரு ஆளு ஒடைஞ்சதில்ல, ஒரு ஆளு நசுங்குனதில்ல. ஏத்துன எடத்துல இருந்த மாதிரியே எறக்கியிருக்கேன்.”

“இங்க ஏத்தப் போறது வாழைக்காய்ண்ணா.”

“அது இன்னும் நல்லதாப் போச்சு. சில்லற கேக்காதுல்ல.”

அந்தம்மாள் சிரித்துவிட்டார். சிரித்தவர் கெட்டியான ஆளும்கூட. ஆறு மாதம் பார்ப்போம், சரியாக வந்தால் சூப்பர்வைசராக நிரந்தரம், இல்லையென்றால் மனவருத்தம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மொக்கைச்சாமியும் மோசமான ஆளில்லை. “வைகாசி பொறக்குற வரைக்கும் ஒன் எடத்த நெரப்ப மாட்டேன். அதுக்குள்ள சொல்லிப்புடு. அதுக்கு மேல என்னையக் கொற சொல்லாத” என்றார். அதுவரை மாற்றாளாக ஓட ஈஸ்வரபாண்டியைக் கூப்பிட்டுக்கொண்டார். இவர் வயதுக்காரர்தான், இன்னொரு கம்பெனி பஸ்ஸில் வேலை போனவர்.

வேலைக்கு வந்த புதிதில் கூடத்தில் ஒருவரும் இவரைச் சட்டை செய்யவில்லை. டிக்கெட் மெஷினைத் தட்டித் தட்டிப் பழகிய கட்டைவிரல் பார்கோடு மெஷினில் ஓடியபோது கொஞ்சம் திரும்பிப் பார்த்தார்கள். குளிர்ப்பெட்டி வண்டியில் எவ்வளவு குளிர் வைக்க வேண்டும் என்பதைப் பத்து நாளில் கற்றுக்கொண்டு, கற்றதைப் பத்து வருடம் தெரிந்தவர் போலச் சொல்லவும் ஆரம்பித்தார். “பதிமூணரை. அது காயி தூங்குற குளுரு. ஒரு டிகிரி கூடுச்சுன்னா முழிச்சுப் பழுத்துரும். கொறைஞ்சுச்சுன்னா தோலு கருத்துப்போகும், பெறகு துபாய்க்காரன் மூஞ்சியும் கருத்துப்போகும்.” துபாய்க்காரனை அவர் பார்த்ததில்லை. பார்த்தமாதிரி சொல்வார்.

போனில்தான் அவருக்குத் தனி ருசி. வரவேண்டிய லாரிக்காரனைக் கூப்பிட்டு எங்கே வருகிறாய் என்று கேட்டால், உலகத்தில் எந்த லாரிக்காரனும் உண்மை சொல்ல மாட்டான். ஒரு நாள் ஒருவன் “இந்தா வந்துட்டேண்ணே, வீரபாண்டி தாண்டிட்டேன்” என்றான். சுருளியாண்டி போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா நின்றார்.

“ஏலே, ஒனக்குப் பின்னாடி ஒருத்தன் ‘மதுர மதுர’ன்னு கத்துறானே, அவன் எப்ப வீரபாண்டிக்கு மாறுனான்? உசிலம்பட்டி பஸ் ஸ்டாண்டு வாசல்ல நிக்கிறவன் அவன். அவன் தொண்ட எனக்குத் தெரியாதா. டீய வேகமாக் குடிச்சிட்டு வா.”

எப்போதும் இது பலிக்காது. இப்படித்தான் ஒருமுறை பின்னால் தண்ணீர்ச் சத்தம் கேட்டு, “வைகை டேம்ல நின்னு மீன் வறுவல் திங்கிறியா?” என்று ஒருவனைப் பிடிபிடியென்று பிடித்தார். அவன் கூடத்து வாசலிலேயே வண்டியை நிறுத்திக் குழாயில் முகம் கழுவிக்கொண்டிருந்தான். பெட்டி ஏற்றுகிற ஞானமுத்து அதைச் சொல்லிச் சொல்லியே ஒரு வாரம் ஓட்டினார். ஞானமுத்து ராயப்பன்பட்டிக்காரர். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போவார். மற்ற ஆறு நாளும் சுருளியாண்டியை வம்புக்கு இழுப்பார். கேரளத்துக் கடைக்காரர்களிடம் “சேட்டா, லோடு எத்தியோ?” என்று, சரக்கு வந்து சேர்ந்ததா என இவர் மலையாளத்தில் விசாரிக்கும்போது, “அண்ணே, இது குமுளியத் தாண்டாத மலையாளம்” என்பார்.

வீட்டிலும் இதே கூத்துத்தான். மனைவி பவானி பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரிப்பார். “எங்க வீட்டு ஆளு தூக்கத்துல மொதல்லயெல்லாம் ‘படியில நிக்காத’ம்பாக. இப்பப் பெட்டியத் தலகீழா வெக்காதங்கிறாக. அம்புட்டுத்தான் முன்னேத்தம்.”

ஆறாவது மாதம், சித்திரை வெயிலில், அது நடந்தது.

அன்றைக்கு ஏற்றுமதி லோடு. தூத்துக்குடி துறைமுகத்துக்குப் போகிற நீளக் குளிர்ப்பெட்டி வண்டி, வால்பக்கம் மேடையோடு ஒட்டி நின்றது. மேடைக்கும் வண்டிக்கும் இடையில் பாலம் மாதிரி ஓர் இரும்புத் தகடு. ஞானமுத்து உள்ளே நின்று கடைசி வரிசைப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். ஓட்டி வந்தவர் விஜய்ராஜ், ஆண்டிபட்டிக்காரர். கண்டெய்னருக்கு வருவதற்கு முன் பல வருடம் டவுன் பஸ் ஓட்டியவர். இன்ஜினை அணைக்காமல், ஸ்டியரிங்கில் நெற்றியைச் சாய்த்துக் கண்ணயர்ந்திருந்தார்.

சுருளியாண்டி கீழே வண்டியின் பக்கவாட்டில் நின்று சுபாஸ்ரீயிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். குளிர் சரியாக இருக்கிறதா, சீல் தயாரா என்று அந்தம்மாள் ஒவ்வொன்றாகக் கேட்டார். கடைசியில், “அண்ணா, உங்க விஷயமா கோயம்புத்தூர் ஆபீஸ்ல பேசிட்டேன். இந்த லோடு நல்லபடியாப் போகட்டும், முடிச்சிடலாம்” என்றார்.

மனுஷனுக்குச் சந்தோஷம் வந்தால் வாய்க்கு என்ன பழக்கமோ அதுதான் வரும்.

“ரைட் மேடம், ரைட் ரைட்” என்று அவர் ஊருக்கே கேட்கச் சொன்னார். அதோடு விட்டிருக்கலாம். கையும் சேர்ந்துகொண்டது. வண்டியின் தகரத்தில் டப் டப் என்று இரண்டு தட்டுத் தட்டியது.

பஸ் ஓட்டிய எவனுக்கும் அதற்கு ஒரே அர்த்தம்தான். விஜய்ராஜ் முழுதாகக் கண் விழிக்கும் முன்பே அவருடைய கால் விழித்துவிட்டது. வண்டி எகிறி நகர்ந்தது. இரும்புத் தகடு தடாலென்று தரையில் விழுந்தது. பின்கதவு இரண்டும் காதுகள் மாதிரி அடித்துக்கொள்ள, பெட்டிகள் ஒவ்வொன்றாக வாசலில் குதிக்க, உள்ளேயிருந்து “ஏசப்பா, ஏசப்பா” என்று ஞானமுத்துவின் குரல் கேட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

சுருளியாண்டி ஓடவில்லை. இரண்டு விரலை வாயில் வைத்து நீளமாக ஒரே ஒரு விசில் அடித்தார். கேட்டுக்குப் பத்தடி முன்னால் வண்டி நின்றது.

ஞானமுத்து இறங்கி வந்தார். கை காலை ஒருமுறை உதறிப் பார்த்துக்கொண்டார். அடி ஒன்றுமில்லை. முகத்தில் மட்டும் ரத்தமில்லை.

“ராயப்பன்பட்டி விலக்குல எறக்கிவிடுவீகன்னு பாத்தேன். கேட்டுலயே நிப்பாட்டிப்புட்டீகளேண்ணே” என்றார்.

ஒருவரும் சிரிக்கவில்லை. சுருளியாண்டி அவர் தோளைப் பிடித்தார். விட மனமில்லாமல் பிடித்துக்கொண்டே நின்றார். அந்தத் தகடு விழுந்த இடத்தில் ஓர் ஆள் நின்றிருந்தால் கதை வேறு.

ஆபீஸிலிருந்து சுபாஸ்ரீ ஓடி வருவதற்குள் ஏற்றுகிற ஆட்கள் கூடிப் பேசி முடித்துவிட்டார்கள். “பிரேக்கு நழுவிருச்சுன்னு சொல்லிருவோம்ணே. விஜய்ராஜும் சரிங்கிறாரு. ஒங்களுக்கு இன்னும் ஒரு வாரத்துல உத்தரவு வரப்போகுது. இந்த நேரத்துல என்னாத்துக்கு?”

“பிரேக்கு நழுவல” என்றார் சுருளியாண்டி. “எனக்கு வாயி நழுவிருச்சு.”

மேனேஜரிடமும் அதையே சொன்னார். “ஒங்களுக்குச் சொன்ன ரைட்ட வண்டி எடுத்துக்கிருச்சு மேடம். கையத் தட்டுனதும் நான்தான். அவக மேல தப்பில்ல.”

சுபாஸ்ரீ கீழே கிடந்த தகட்டைப் பார்த்தார். ஞானமுத்துவைப் பார்த்தார். நசுங்கிய பெட்டிகளை மாற்றி, வண்டியைச் சாயங்காலம் அனுப்பிவைத்தார்கள். உத்தரவைப் பற்றிய பேச்சு அதோடு நின்றுபோனது.

வீட்டில் பவானி தட்டை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். “மொக்கைச்சாமி அண்ணன் ஆளு விட்டிருந்தாக. மாசம் பொறக்க நாலு நாளுதான் இருக்காம். வாரேன்னு சொன்னா இப்பயே வரலாம்னாக.”

“ம்.”

“இங்கனயும் இல்லைன்னு சொல்லி, அங்கனயும் ஆளப் போட்டுட்டாகன்னா, ரெண்டு பஸ்ஸையும் விட்டுட்டு நடுரோட்டுல நிப்பீக.”

“ஞானமுத்து நின்னான்ல இன்னைக்கு, கதவத் தொறந்த வண்டிக்குள்ள” என்றார் அவர். “அத நெனச்சாத்தான் சோறு எறங்கமாட்டேங்குது. எடம் என்ன எடம்.” பவானி ரசத்தை இன்னொரு கரண்டி ஊற்றினார்.

மறுநாள் சுபாஸ்ரீ எல்லோரையும் மேடைக்குக் கூப்பிட்டார். “கோயம்புத்தூர்ல நடந்ததை நடந்தபடியே சொல்லிட்டேன். இது மறுபடி நடக்காதுன்னு எதை வெச்சு நம்புறதுன்னு கேக்கறாங்க. இனிமே கவனமா இருப்போம்னு சொன்னா ஒத்துக்க மாட்டாங்க. நானும் ஒத்துக்க மாட்டேன். அண்ணா, நீங்க சொல்லுங்க. உங்க பதிலைத்தான் அனுப்பப் போறேன்.”

சுருளியாண்டி ராத்திரி முழுக்க யோசித்திருக்க வேண்டும். கண் சிவந்திருந்தது. பேச்சு மட்டும் குறையவில்லை.

“பத்தொம்பது வருசம் ஊறுன ரைட்ட என் வாயிலருந்து எடுக்க முடியாது மேடம். நான் சத்தியம் பண்ணாலும் அது நாளைக்கு வந்து நிக்கும். அதனால வாயத் திருத்த வேணாம். வண்டி அதுக்கு நகரக் கூடாது, அதுக்கு வழி பண்ணுவோம். வண்டி மேடைக்கு வந்ததும் இன்ஜின் ஆஃபு, சாவி டிரைவர்கிட்ட இருக்கக் கூடாது, எங்கிட்ட வரணும். உள்ள போன ஆளு வெளிய வரணும். கதவச் சாத்திச் சீல் வெக்கணும். பெறகுதான் சாவி. குளுரு மிஷினு அதுபாட்டுக்குத் தனியா ஓடட்டும். சாவி குடுக்கும்போது ஒரு வார்த்த சொல்லணும். அந்த வார்த்த இந்த மேடையில வேற எதுக்கும் வாயில வரக் கூடாது.”

“அப்படி என்ன வார்த்தை?” என்றார் சுபாஸ்ரீ.

அங்கேதான் மகாநாடு ஆரம்பித்தது. ‘போகலாம்’ என்றார் ஒருவர். டீக்குப் போகும்போதே பத்துத் தரம் அதைச் சொல்கிறோம் என்று அது விழுந்தது. ஒரு பழநி பக்தர் ‘அரோகரா’ என்றார்.

“அப்ப எனக்கு ‘ஆமென்’ வெச்சிருங்க” என்றார் ஞானமுத்து. “பெட்டிய எறக்கி வெச்சா தன்னால வருது. வண்டி நித்தம் நூறு தடவ கெளம்பிரும்.”

சுபாஸ்ரீ ‘டிஸ்பாட்ச்’ என்றே வைத்துக்கொள்ளலாமே என்றார். சுருளியாண்டி கையெடுத்துக் கும்பிட்டார். “அத நான் சொல்லி முடிக்கிறதுக்குள்ள காயி பழுத்துரும் மேடம்.”

ராத்திரியோடு ராத்திரியாகச் சரக்கை இறக்கிவிட்டு வந்து, அதுவரை ஒதுங்கி நின்ற விஜய்ராஜ், தூத்துக்குடியில் தான் பார்த்ததை வைத்துச் சொன்னார். “கப்பல்னு சொல்லுங்கண்ணே. சரக்கு அதுக்குத்தான போகுது.”

சுருளியாண்டி கிழக்கே பார்த்தார். மலை. மேற்கே பார்த்தார். அங்கேயும் மலை.

“சரித்தான். இந்த ரெண்டுக்கும் நடுவுல இருந்துக்கிட்டு எவன் வாயி தவறிக் கப்பல்னு சொல்லப் போறான்?”

அன்றைக்கே அது அமலுக்கு வந்தது. முதல் வண்டிக்கு, உள்ளே ஏறியவர்களை வெளியே வரவழைத்து ஆளாளாகப் பார்த்துவிட்டு, கதவு சாத்தி, சீல் வைத்து, சாவியை நீட்டி “கப்பல்” என்றார். அவருக்கே வெட்கமாக இருந்தது. டிரைவர் கன்னத்தில் சிரிப்பை அடக்கிக்கொண்டு வண்டியை எடுத்தார். இரண்டாவது வண்டிக்குக் குரல் கொஞ்சம் ஏறியது. மூன்றாவது வண்டிக்கு, தான் கண்டுபிடித்த சொல் என்பதுபோல ராகம் வந்துவிட்டது. விஜய்ராஜ் அதை மறுக்கவில்லை. நடுவில் சுருளியாண்டி போனில் யாருக்கோ “ரைட் ரைட்” என்று கத்தினார். பக்கத்தில் நின்ற வண்டி அசையவில்லை. ஞானமுத்து பெட்டியோடு நின்று ஒருமுறை அந்த வண்டியைப் பார்த்தார், ஒருமுறை இவரைப் பார்த்தார், வேலையைப் பார்க்கப் போய்விட்டார். அதைவிடப் பெரிய சான்றிதழ் வேறென்ன வேண்டும்.

மாதம் பிறக்க ஒரு நாள் இருக்கும்போது, சாயங்காலம் சுபாஸ்ரீ அவரைக் கூப்பிட்டார். “இந்த முறையை மத்த கூடத்துக்கும் வைக்கச் சொல்லிட்டாங்க. வைகாசியிலிருந்து நீங்கதான் சூப்பர்வைசர். ஆனா ஒண்ணு. இன்னொரு தரம் ஆள் உள்ளே இருக்கும்போது வண்டி நகந்துச்சுன்னா, உங்களுக்காக நான் பேச மாட்டேன்.”

“பேசக் கூடாது மேடம்” என்றார் சுருளியாண்டி.

ரோட்டுக்கு வந்து நின்றார். மொக்கைச்சாமியின் பஸ் சின்னமனூர்ப் பக்கமிருந்து வந்தது. படியில் ஈஸ்வரபாண்டி. வழக்கம்போல் நகர்ந்து, கம்பியில் பாதி இடம் விட, இவர் கீழ்ப்படியில் தொற்றிக்கொண்டார். ஒரு காலத்தில் அந்த பஸ்ஸில் வேலை பார்த்தவனிடம் டிக்கெட் கேட்பது அந்தத் தொழிலில் மரியாதை இல்லை. இந்த ஆறு மாதமும் சுருளியாண்டி டிக்கெட் எடுக்காமல், படியில் நின்றேதான் கம்பத்து வீட்டுக்குப் போய்வந்தார்.

“நாளைக்கு மாசம் பொறக்குது. முதலாளி எங்கிட்டயும் கேட்டாக” என்றார் ஈஸ்வரபாண்டி, முகத்தைப் பார்க்காமல். “நான் எறங்கிக்கிறதா, இருக்கிறதா? சொல்லிப்புடுப்பா.”

சுருளியாண்டி சட்டைப் பையில் கைவிட்டு ஒரு நோட்டை எடுத்தார்.

“ஒரு கம்பம் குடு.”

“யாருகிட்ட வெளையாடுற?” என்று ஈஸ்வரபாண்டி சிரித்தார். நீட்டிய கை மடங்கவில்லை. பஸ் குலுங்கியது, அது அப்படியே இருந்தது. சிரிப்பு மெல்ல நின்றது. ஈஸ்வரபாண்டி மெஷினைத் தட்டினார். துண்டுச் சீட்டு நெளிந்து வெளியே வந்தது.

சுருளியாண்டி அதை வாங்கிக்கொண்டு படியேறி, ஆட்களை விலக்கி நடந்து, ஜன்னலோரம் காலியாக இருந்த இடத்தில் உட்கார்ந்தார். டிக்கெட்டைச் சின்னதாக மடித்து, காற்றில் பறக்காதபடி வாட்ச் பட்டைக்குள் செருகிக்கொண்டார்.